கடல்கட்டியும் கருத்துப்படமும்: முத்துக்குளித்துறைச் சூழலில் பாரதியின் ஐயநோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இதழியலில் கருத்துப்படத்தை நிலைபெறச் செய்த முன்னோடி சி. சுப்பிரமணிய பாரதி (1882–1921). அவர் பொறுப்பில் வெளிவந்த ‘இந்தியா’ வார இதழின் (1906–1910) கருத்துப்படங்கள் இதுவரை பெரிதும் விடுதலை இயக்க வரலாற்றின் சான்றுகளாகவே நோக்கப்பட்டுள்ளன. அப்படங்களையும், மூடநம்பிக்கையைச் சாடும் அவருடைய உரைநடையையும், கவிதைகளையும் ஒருங்கு வைத்து நோக்கின், அவற்றின் அடியில் ஓடும் பொது இழை ஐயநோக்கு என்பது புலப்படும். பேயச்சமும் அரசச்சமும் ஒரே மனநிலையின் இரு வடிவங்கள் என்பது பாரதியின் கருத்து. அதனை அவர் பிறந்த பகுதியாகிய தூத்துக்குடிக் கரையின் நம்பிக்கைச் சூழலோடு பொருத்திக் காட்டுவதும், அந்த ஐயநோக்கின் எல்லைகளைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச் சொற்கள்

பாரதி, இந்தியா இதழ், கருத்துப்படம், விகட சித்திரம், ஐயநோக்கு, கடல்கட்டி, முத்துக்குளித்தல், சுதேசிக் கப்பல்.

1. முன்னுரை

தமிழகத்தில் பகுத்தறிவுச் சிந்தனையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1925ஆம் ஆண்டு ஈரோட்டில் தொடங்கப்பெற்ற ‘குடி அரசு’ இதழிலிருந்தும் சுயமரியாதை இயக்கத்திலிருந்தும் தொடங்குவர். மக்களியக்கமாக அச்சிந்தனை உருப்பெற்ற காலம் அதுவே என்பதில் ஐயமில்லை. ஆயினும் நம்பிக்கையைச் சோதித்தறியும் பழக்கத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்லும் கருவிகள் அதற்கு முன்னரே தமிழ் அச்சுலகில் உருவாகியிருந்தன. அவற்றுள் ஒன்று கருத்துப்படம்.

ஓவியத்தின் வழியே ஐயநோக்கைப் பரப்பும் முயற்சி உலகின் பல மொழிகளில் நிகழ்ந்துள்ளது. இலண்டனில் 1841இல் தொடங்கிய ‘பஞ்ச்’ இதழ் இதற்கு ஒரு முன்மாதிரி. அதன் வழியில் இந்தியாவிலும் ‘அவத் பஞ்ச்’, ‘இந்தி பஞ்ச்’ முதலிய இதழ்கள் தோன்றின. ஜப்பானில் கிதாசாவா ராக்குடென் 1905இல் ‘டோக்கியோ பக்’ என்னும் வண்ணக் கேலிச்சித்திர இதழைத் தொடங்கினார். ‘மாங்கா’ என்னும் சொல் இன்றைய பொருளில் பரவுவதற்கு அவர் பெரிதும் காரணமாவார். அதற்கு மறு ஆண்டு, 1906இல், சென்னையில் ‘இந்தியா’ இதழ் பிறந்தது. இவ்விரண்டிற்கும் நேரடித் தொடர்பு இருந்தது என்பது கருத்தன்று. அச்சுப் பெருக்கமும் அரசியல் விழிப்பும் ஒருங்கே நிகழ்ந்த ஆசியச் சமூகங்களில், படத்தின் வழியே அதிகாரத்தைக் கேள்விக்குட்படுத்தும் வேட்கை ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

2. ஐயநோக்கு: சொல்லும் மரபும்

‘ஐயம்’ என்னும் சொல் தமிழில் இருவகைப் பொருளில் வழங்கி வந்துள்ளது. தெளிவு பெறாத மயக்க நிலை ஒன்று. தெளிவுக்கு இட்டுச் செல்லும் வினாநிலை மற்றொன்று. திருக்குறளின் அறிவுடைமை, மெய்யுணர்தல் ஆகிய அதிகாரங்கள், சொல்பவர் யார் என்பதையும் பொருளின் வெளித்தோற்றத்தையும் கடந்து உண்மையைத் தேடுவதையே அறிவு என வரையறுக்கின்றன. மணிமேகலையில் சமயவாதிகள் பலரும் தத்தம் கோட்பாட்டை எடுத்துரைக்க, அவற்றைக் கேட்டு ஆராயும் பெண்ணாக மணிமேகலை காட்டப்படுகிறாள். பூதவாதியின் கருத்தும் அங்கு இடம்பெறுகிறது. ஆகவே வினவி அறிதல் தமிழ் மரபுக்குப் புதியதன்று.

இக்கட்டுரையில் ‘ஐயநோக்கு’ என்பது கடவுள் மறுப்பைக் குறிக்கவில்லை. ஒரு கூற்றை அதைச் சொல்பவரின் தகுதி கருதியோ, அச்சம் கருதியோ, வழக்கம் கருதியோ ஏற்காமல், சான்று கருதி மட்டும் ஏற்கும் மனப்பாங்கையே அது குறிக்கின்றது. இவ்வேறுபாடு பாரதியை ஆராயும்போது இன்றியமையாதது. ஏனெனில் அவர் சக்தி வழிபாட்டில் ஆழ்ந்தவர். அவருடைய ஐயம் தெய்வத்தின்மீது எழுந்ததன்று. தெய்வத்தின் பெயராலும் அரசின் பெயராலும் நிலவிய அச்சத்தின்மீது எழுந்தது.

3. முத்துக்குளித்துறையும் கடல்கட்டியும்

பாரதி பிறந்த எட்டயபுரம் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. கரிசல் நிலத்து ஊராயினும் அதன் வாணிக வாயில் தூத்துக்குடித் துறைமுகமே. அத்துறைமுகத்தின் பழம்பெருமைக்குக் காரணமான முத்துக்குளித்தல், நம்பிக்கைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை விளக்கும் அரிய சான்று ஒன்றைத் தருகிறது. அதுவே ‘கடல்கட்டி’ என்னும் பதவி.

முத்துக்குளிப்போர் சுறாமீனுக்கு அஞ்சுவர். அச்சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவன் கடல்கட்டி எனப்பட்டான். அவன் கரையிலோ படகிலோ இருந்து சடங்கு செய்தாலன்றிக் குளிகாரர் கடலில் இறங்க மறுத்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்பகுதியைப் பற்றி எழுதிய மார்கோ போலோ, மீன்களைக் கட்டும் மந்திரக்காரருக்கு எடுக்கப்படும் முத்துகளில் இருபதில் ஒரு பங்கு அளிக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறார். அம்மந்திரம் பகலுக்கு மட்டுமே உரியது. இரவில் அது நீக்கப்பட்டுவிடும் என்றும் அவர் கூறுகிறார். மந்திரத்தின் நேர வரையறைக்கு ஒரு நடைமுறைப் பயன் இருந்திருக்கக்கூடும். இரவில் கட்டு நீங்கிவிடும் என நம்புவோர் இருளில் களவாக முத்துக்குளிக்கத் துணியார். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, மனிதரைக் கட்டியது எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார்க் கரையில் நடந்த குளிப்பைக் கண்டு எழுதிய இராபர்ட் பெர்சிவல் ஒரு நிகழ்வைப் பதிவு செய்துள்ளார். குளிகாரர் ஒருவரின் காலைச் சுறா கவ்விச் சென்றது. விளக்கம் கேட்கப்பட்டபோது, தன்மீது பகைகொண்ட சூனியக்கிழவி ஒருத்தி வந்து எதிர்மந்திரம் செய்துவிட்டாள் என்று தலைமைக் கடல்கட்டி கூறினான். பின்னர் சுறாக்கள் குளிகாரரிடையே வந்தும் வாய் திறக்க இயலாதபடி தான் வலுவாகக் கட்டிவிட்டதாகவும் சொன்னான். இதன் தருக்க அமைப்பு கவனத்திற்குரியது. சுறா கடிக்காவிடில் மந்திரம் வென்றது. கடித்தால் வேறொரு மந்திரம் குறுக்கிட்டது. எந்நிகழ்வாலும் பொய்ப்பிக்க முடியாத வகையில் கூற்று அமைந்துவிடுகிறது. எந்நிலையிலும் தோல்வியுறாத கூற்றே ஐயநோக்கு முதலில் ஐயுற வேண்டிய கூற்றாகும்.

இதனினும் குறிப்பிடத்தக்கது ஆட்சியாளர் நடந்துகொண்ட முறை. எமர்சன் டெனன்ட், எட்கர் தர்ஸ்டன் முதலியோரின் எழுத்துகள், மந்திரத்தில் நம்பிக்கையற்ற ஐரோப்பிய அலுவலர்களும் கடல்கட்டியின் இடத்தை ஏற்றுக்கொண்டதைக் காட்டுகின்றன. அவனின்றிக் குளிப்பு நடவாது. குளிப்பின்றி வருவாய் இல்லை. குளிகாரருள் பெரும்பாலோர் கத்தோலிக்கப் பரதவர். கடல்கட்டியே கத்தோலிக்கனாக இருந்த காலமும் உண்டு. மதம் மாறியும் அச்சம் மாறவில்லை. அந்த அச்சத்தைத் தான் நம்பாத ஓர் அரசே அதைத் தன் நிருவாகத்தின் ஓர் உறுப்பாக்கிக் கொண்டது. நம்பிக்கை எவ்வாறு ஆட்சிக் கருவியாகும் என்பதற்கு இதனினும் தெளிவான உள்ளூர்ச் சான்று கிடைப்பது அரிது.

பாரதி கடல்கட்டியைப் பற்றி எழுதினார் என்பது இங்குக் கூறப்படவில்லை. அவர் எதிர்கொண்ட சிக்கலின் வடிவம் அக்கடற்கரையில் ஏற்கெனவே நிலவியது என்பதே இதனால் பெறப்படுவது.

4. எட்டயபுரத்திலிருந்து ‘இந்தியா’ வரை

பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பஞ்சாலை முயற்சியில் ஈடுபட்டுப் பொருளிழந்து 1898இல் மறைந்தார். காசியில் சில ஆண்டுகள் பயின்ற பாரதி, மீண்டும் எட்டயபுரம் வந்து அரண்மனைப் பணியில் அமர்ந்தார். அப்பணியில் அவர் கண்ட சமஸ்தான வாழ்வு, பிற்காலத்தில் ‘சின்னச் சங்கரன் கதை’ என்னும் முற்றுப்பெறாத அங்கத நூலாயிற்று. அதில் வரும் கவுண்டனூர், எட்டயபுரத்தின் மாற்றுருவே. ஜமீன்தாரின் வெற்று ஆடம்பரமும் அவையோரின் போலிப் புகழ்மொழிகளும் அதில் நகைப்புக்குள்ளாகின்றன. சித்திரக்காரன் உருவத்தின் ஓர் உறுப்பை மிகைப்படுத்துவது போல, பாரதி இங்குச் சொல்லால் மிகைப்படுத்துகிறார். கருத்துப்படத்துக்கு வேண்டிய கண் அவருக்கு எட்டயபுரத்திலேயே வாய்த்துவிட்டது எனலாம்.

1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில திங்கள் ஆசிரியராக இருந்தபின், ஜி. சுப்பிரமணிய ஐயரின் ‘சுதேசமித்திர’னில் துணையாசிரியரானார். அங்குப் பெற்ற மொழிபெயர்ப்புப் பயிற்சி உலகச் செய்திகளை அவருக்கு அறிமுகப்படுத்தியது. ஆயினும் அவருடைய தீவிர அரசியற் கருத்துகளுக்கு அவ்விதழில் போதிய இடமில்லை. 1905இல் ‘சக்கரவர்த்தினி’ என்னும் மகளிர் இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 1906 மே திங்களில் மண்டயம் குடும்பத்தாரின் ஆதரவில் ‘இந்தியா’ வெளிவந்தபோதுதான் தம் கருத்தைத் தடையின்றி வெளியிடும் களம் அவருக்குக் கிட்டியது.

அக்களம் இடையூறின்றி நீடிக்கவில்லை. 1908இல் இதழின் பதிவுபெற்ற ஆசிரியரான மு. சீனிவாசன் கைதாகி ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். பாரதி பிரெஞ்சு ஆட்சிப் பகுதியான புதுச்சேரிக்குச் சென்றார். அவ்வாண்டு அக்டோபரில் ‘இந்தியா’ அங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. பிரித்தானிய இந்தியாவுக்குள் இதழ் நுழைவதற்குத் தடைகள் பெருகின. 1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டமும் சேர்ந்துகொள்ள, அவ்வாண்டு மார்ச்சு திங்களோடு இதழ் நின்றது. கருத்துப்படங்களுக்கெனவே ‘சித்ராவளி’ என்னும் இதழை ஆங்கிலத்திலும் தமிழிலும் நடத்த அவர் கொண்ட திட்டமும் நிறைவேறவில்லை. முழுதும் படங்களாலான ஓர் இதழை அவர் கருதினார் என்பதே, கருத்துப்படத்தை அவர் கட்டுரையின் துணைப்பொருளாக எண்ணவில்லை என்பதற்குச் சான்று.

5. விகட சித்திரத்தின் அமைப்பு

‘இந்தியா’ இதழின் முதற்பக்கத்தில் பெரிய அளவில் கருத்துப்படம் இடம்பெற்றது. அக்காலத்தில் அது ‘விகட சித்திரம்’ எனப்பட்டது. வரைந்த கை வேறொருவருடையது. கருத்து பாரதியுடையது என்பது ஆய்வாளர் துணிபு. ஆகவே பாரதியை ஓவியர் என்பதினும் சித்திர ஆசிரியர் என்பதே பொருந்தும். சிதறிக் கிடந்த இப்படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து நூலாக்கியதன் பின்னரே அவை முறையான ஆய்வுக்கு உட்பட்டன.

இக்கருத்துப்படங்களின் அமைப்பில் மூன்று கூறுகள் உள்ளன. முதலாவது, படம். இரண்டாவது, படத்திலுள்ள உருவங்களை இன்னார் எனக் காட்டும் பெயர்க்குறிப்பு. மூன்றாவது, படத்தின் பொருளை விரித்துரைக்கும் விளக்கம். இம்மூன்றாம் கூறு ஐரோப்பியக் கருத்துப்படத்தில் இத்துணை விரிவாக அமைவதில்லை. படத்தைப் படிக்கும் பழக்கமே புதிதாயிருந்த வாசகர்க்கு அது தேவைப்பட்டது. எழுத்தறிந்த ஒருவர் இதழை வாசிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்ட அக்காலச் சூழலில், எழுத்தறியாதாரும் படத்தைக் கண்டு விளக்கத்தைச் செவியால் பெற்றனர். கண்ணுக்குப் படம், காதுக்கு விளக்கம் என்னும் இவ்வமைப்பு, படம் காட்டிக் கதை சொல்லும் நாட்டார் மரபோடு ஒத்தது.

படங்களின் உருவகங்கள் பெரும்பாலும் தமிழர் அறிந்த கதையுலகிலிருந்து எடுக்கப்பட்டவை. விலங்குக் கதைகளும் புராண உருவங்களும் அவற்றில் பயின்று வந்தன. 1909 டிசம்பரில் வெளிவந்த கருத்துப்படம் ஒன்று காந்தியடிகளின் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தைப் பசுவும் புலியும் பற்றிய கதையுருவகத்தில் காட்டியது. பசு வாய்மைக்கு நிற்பது. புலி வலிமைக்கு நிற்பது. அக்கதையை முன்னரே அறிந்த வாசகர்க்கு, வலியது வெல்லும் என்ற பொது நம்பிக்கை அங்குத் தலைகீழாவது உடனே விளங்கும்.

இங்கு ஐயநோக்கு செயற்படும் முறையை நுணுகி நோக்க வேண்டும். அரசு தன்னைக் காவலன் என்றும் நீதிமான் என்றும் சொல்லிக்கொள்கிறது. அது ஒரு கூற்று. கருத்துப்படம் அக்கூற்றின் அருகில் அரசின் செயலை ஓர் உருவமாக நிறுத்துகிறது. சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியும்போது சிரிப்பு எழுகிறது. அஞ்சுகின்றவன் சிரிக்க இயலாது; சிரித்தவன் அக்கணமேனும் அச்சம் நீங்கியவன். நீண்ட தருக்கத்தால் கட்டுரை செய்யும் வேலையைப் படம் ஒரு நோக்கில் முடித்துவிடுகிறது.

6. தூத்துக்குடி: கப்பலும் அச்சமும்

‘இந்தியா’ இதழின் காலத்தில் தூத்துக்குடி தமிழகத்தின் தலையாய அரசியற் களமாயிற்று. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல் வாணிகம் பிரித்தானிய இந்தியக் கப்பல் கம்பெனியின் பிடியில் இருந்தது. வெள்ளையரே கப்பலோட்ட வல்லவர் என்பது அன்று பலரும் ஏற்றுக்கொண்டிருந்த கருத்து. 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. அதன் மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் வந்துசேர்ந்தன. போட்டியாக எதிர்க்கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாக ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. பயணிகளுக்குக் குடை வழங்கியதாகவும் வரலாற்று நூல்கள் கூறும்.

இந்நிகழ்வை ஐயநோக்கின் வரலாற்றிலும் வைத்து நோக்கலாம். இந்தியரால் கப்பலோட்ட முடியாது என்ற கூற்று நூற்றாண்டுக் கணக்கில் சோதிக்கப்படாமல் நின்றது. சுதேசிக் கப்பல் அதற்கான சோதனை. கப்பல் நகர்ந்த அன்றே கூற்று பொய்ப்பிக்கப்பட்டது. இலவசப் பயணமும் குடையும் பொருளாதாரப் போட்டியின் கருவிகள் மட்டுமல்ல. குலைந்த நம்பிக்கையை மீண்டும் கட்ட எடுத்த முயற்சிகளும் ஆகும்.

1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அதனை முன்னின்று நடத்தினர். மார்ச்சு 12இல் அவர்கள் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே வழங்கிய தீர்ப்பு சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. இத்தண்டனை பின்னர் மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. முதல் தீர்ப்பின் கடுமை ஒரு குற்றத்துக்குரிய தண்டனை என்ற அளவைக் கடந்தது. மற்றவர் உள்ளத்தில் அச்சத்தை விதைப்பதே அதன் நோக்கம் என்பது தெளிவு. கலெக்டர் விஞ்சும் சிதம்பரம் பிள்ளையும் உரையாடுவதாகப் பாரதி பாடிய இரு பாடல்கள், அச்சுறுத்தும் குரலையும் அச்சத்தை ஏற்க மறுக்கும் குரலையும் அருகருகே நிறுத்துகின்றன. உருவங்களை எதிரெதிரே நிறுத்திக் காட்டும் கருத்துப்பட உத்தியே அங்குச் செய்யுள் வடிவம் பெற்றுள்ளது.

7. பேய், மந்திரவாதி, அரசு

பாரதியின் ஐயநோக்கை முழுமையாக வெளிப்படுத்துவது ‘பாரத ஜனங்களின் தற்கால நிலைமை’ என்னும் பாடலாகும். மக்கள் அஞ்சும் பொருள்களை அப்பாடல் வரிசைப்படுத்துகிறது. மரத்திலும் குளத்திலும் முகட்டிலும் இருப்பதாகக் கருதும் பேய்கள் முதலில் வருகின்றன. அடுத்து மந்திரவாதியும் சூனியமும். அதன்பின் அரசு. மக்கள் தரும் பொருளைக் கொண்டே அரசர் ஆள்கின்றனர். அதனை அறியாத மக்கள் அவ்வரசையே பேயென எண்ணி நடுங்குகின்றனர் என்கிறார். தொடர்ந்து சிப்பாயும் காவற்சேவகனும் வருகின்றனர்.

இவ்வரிசை முறை தற்செயலானதன்று. பேயச்சம் அறியாமையின் விளைவு என்பதும், அரசச்சம் அடக்குமுறையின் விளைவு என்பதும் பொதுவான பகுப்பு. பாரதி அப்பகுப்பை ஏற்கவில்லை. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது அவர் முடிபு. இல்லாத வலிமையை ஒன்றின்மீது ஏற்றி, அவ்வாறு ஏற்றிய வலிமைக்கே அஞ்சுவது அந்த வேர். பேயின் வலிமை அஞ்சுபவனிடமிருந்து வருகிறது. அரசின் பொருளும் அஞ்சுபவனிடமிருந்தே வருகிறது. மந்திரவாதியை ஐயுறக் கற்றவன் கலெக்டரையும் ஐயுறுவான் என்பது இதன் உள்ளுறை.

முத்துக்குளித்துறை காட்டிய உண்மையும் இதுவே. அங்கு அரசும் மந்திரவாதியும் ஒரே குளிப்புக் களத்தில் ஒருவரை ஒருவர் சார்ந்து நின்றனர். களத்தில் நிகழ்ந்த அக்கூட்டணியைப் பாரதி பாடலில் உளவியல் உண்மையாகக் கண்டார். இவ்வொப்புமை தாக்கத்தைக் காட்டுவதன்று, அமைப்பைக் காட்டுவது.

8. நாள் பார்த்தலும் கோணங்கியும்

அரசியலுக்கு அப்பால், அன்றாட வாழ்வின் மூடநம்பிக்கைகளையும் பாரதி இதே நோக்கில் அணுகினார். ‘மூட பக்தி’ என்னும் கட்டுரையில், ஒவ்வொரு செயலுக்கும் நாளும் நட்சத்திரமும் பார்க்கும் வழக்கத்தைக் கண்டிக்கிறார். முகமழித்துக் கொள்வதற்கும் பொருத்தம் பார்ப்பதை நகையாடுகிறார். அவ்வழக்கத்தால் காலம் வீணாவதும் செயல் கெடுவதும் அவர் காட்டும் காரணங்கள். கட்டுரையின் கூர்மை அதற்கு மேலும் செல்கிறது. பட்டம் பெற்றோரும் இவ்வழக்கத்தின் பொய்ம்மையை அறிந்தே அதைக் கைக்கொள்கின்றனர். சுற்றத்தாரின் ஏச்சுக்கு அஞ்சும் கோழைத்தனமே அதற்குக் காரணம் என்கிறார். ஆகவே அறியாமையை மட்டும் நீக்கினால் போதாது. அறிந்ததைச் செய்யும் துணிவும் வேண்டும். தாம் நம்பாத கடல்கட்டியை ஏற்றுக்கொண்ட அலுவலரும், தாம் நம்பாத நாளைப் பார்க்கும் பட்டதாரியும் இவ்வகையில் ஒருநிலையினரே. ‘புதிய ஆத்திசூடி’ சோதிடத்தை இகழுமாறும், வானநூலைப் பயிலுமாறும், பேய்க்கு அஞ்சாதிருக்குமாறும் இளையோர்க்கு விதிப்பதும் இங்கு நினையத்தக்கது.

‘புதிய கோணங்கி’ இந்நோக்கின் மற்றொரு வடிவம். விடியற்காலையில் குடுகுடுப்பை அடித்து வருங்காலம் உரைப்பவன் கோணங்கி. வீட்டார் அவன் சொல்லுக்கு அஞ்சுவதும் மகிழ்வதும் வழக்கம். பாரதியின் கோணங்கி தனி வீட்டின் நற்பேற்றைச் சொல்வதில்லை. சாதிச் சண்டை ஒழிவதையும், தொழில் பெருகுவதையும், அச்சம் தொலைவதையும் அறிவிக்கிறான். குறி சொல்லும் வடிவம் அப்படியே இருக்க, உள்ளீடு மாறிவிடுகிறது. பழகிய உருவத்தில் பழகாத கருத்தை வைப்பது கருத்துப்படத்தின் அடிப்படை உத்தி. அதனைக் குரலிலும் தாளத்திலும் பாரதி நிகழ்த்திக் காட்டியுள்ளார்.

9. ஐயநோக்கின் எல்லைகள்

பாரதியின் ஐயநோக்கு எங்கும் ஒரே சீராகச் செயற்பட்டது எனக் கூறுதல் பொருந்தாது. மூன்று எல்லைகளைச் சுட்டலாம்.

முதலாவது, அவருடைய ஐயம் எதிர்த்தரப்பின்மீது கூர்மையாகவும் தம் தரப்பின்மீது மென்மையாகவும் செயற்பட்டது. சுதேசிக் கப்பல்கள் இரண்டும் வந்த செய்தியை, நெடுநாள் மகப்பேறின்றி இருந்தவள் ஒரே நேரத்தில் இரு மக்களைப் பெற்ற மகிழ்ச்சியோடு ஒப்பிட்டு எழுதினார். அது கொண்டாட்டத்தின் குரல். பங்கு முதலைக் கொண்டு வலிய போட்டியாளரை எதிர்த்து நிற்பது எங்ஙனம் என்ற வினா அங்கு எழவில்லை. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டபோது வரலாறு அவ்வினாவை எழுப்பியது.

இரண்டாவது, புராண உருவங்களைக் கொண்டு அரசைக் கேலி செய்யும்போது, அப்புராணங்களின் அதிகாரம் கேள்விக்குள்ளாவதில்லை. ஒருவகையில் அது வலுப்பெறுகிறது. ஓர் அச்சத்தை நீக்க இன்னொரு நம்பிக்கையின் துணை நாடப்படுகிறது. பின்வந்த சுயமரியாதை இயக்கம் பாரதியிடமிருந்து விலகி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

மூன்றாவது எல்லை வடிவத்தைச் சார்ந்தது. கருத்துப்படத்தின் கீழமைந்த விளக்கம் வாசகனுக்குத் துணை செய்கிறது. அதே வேளையில் படத்தின் பொருளை ஒன்றாக முடித்தும் விடுகிறது. வினவக் கற்பிக்கும் படம், விடையையும் உடன் தந்துவிடுகிறது. ஐயநோக்கைப் பரப்பும் எல்லாக் கலைஞரும் எதிர்கொள்ளும் முரண் இது. வாசகன் தானே ஐயுற வேண்டும் என விரும்புவோரே, எதை ஐயுற வேண்டும் என்பதை அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகின்றனர். அவ்வாறு பெற்ற ஐயம் மற்றொரு நம்பிக்கையாக இறுகிவிடக்கூடும். ‘சித்ராவளி’ வெளிவந்திருப்பின், விளக்கத்தின் துணை குறைந்த, படமே பேசும் வடிவத்தைப் பாரதி அடைந்திருக்கக்கூடும்.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு: ‘இந்தியா’ இதழின் கருத்துப்படங்கள் அரசியற் பரப்புரையாக மட்டுமன்றி, கூற்றையும் செயலையும் ஒப்பிட்டுச் சோதிக்கும் பழக்கத்தை வாசகரிடம் ஊட்டிய கருவிகளாகவும் அமைந்தன. பேயச்சத்தையும் அரசச்சத்தையும் ஒரே வரிசையில் வைத்தது பாரதியின் தனிப் பங்களிப்பு. நம்பிக்கையும் ஆட்சியும் ஒன்றையொன்று தாங்கி நின்றதற்குத் தூத்துக்குடிக் கரையின் கடல்கட்டி பதவி உள்ளூர்ச் சான்றாகிறது. ஆகவே தமிழகப் பகுத்தறிவு வரலாற்றின் தொடக்கத்தை 1925க்கு முன்னரும் தேட வேண்டியுள்ளது. அவ்வாறு தேடும்போது, இறைநம்பிக்கையாளர் ஒருவரின் ஐயநோக்கையும், அதன் எல்லைகளோடு, கணக்கிற்கொள்ள வேண்டும்.

1920இல் தம் நூல்கள் அனைத்தையும் படங்களுடன் பெருந்தொகையில் அச்சிட்டு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல எளிதில் விற்கச் செய்யலாம் எனப் பாரதி திட்டமிட்டார். மறு ஆண்டு அவர் மறைந்தார். கருத்துப்படம் பின்னர் ‘ஆனந்த விகடன்’ முதலிய இதழ்களின் வழியே தமிழர் அன்றாட வாசிப்பின் பகுதியாயிற்று. பாரதி கால விளக்கவுரை காலப்போக்கில் சுருங்கி ஓரிரு சொற்களாயிற்று. அச்சுருக்கம் வாசகன் தானே பொருள்காணும் திறன் பெற்றதைக் காட்டுகிறதா, கேலியின் ஆழம் குறைந்ததைக் காட்டுகிறதா என்பது தனியே ஆராயத்தக்கது. ‘இந்தியா’ இதழின் படங்களையும் அவற்றின் விளக்கவுரைகளையும் சொல்லடிப்படையில் ஒப்பிடும் ஆய்வு அதற்கு முதற்படியாக அமையும்.